ஏழு நாள் காய வேண்டிய ரேடியோ

தம்பி,

நீ கொடுத்தனுப்பிய பொட்டலம் வந்து சேர்ந்தது. உன் நடராஜா மாமா சிங்கப்பூரிலிருந்து பஸ்ஸில் வந்து இறங்கியவர், தன் வீட்டுக்குக்கூடப் போகாமல் நேராக நம் கடைக்கு வந்து, அதை மேசைமேல் வைத்த பிறகுதான் குடிக்கத் தண்ணீர் கேட்டார். துண்டில் சுற்றி, அதன்மேல் மெழுகுத்தாள் சுற்றி, சணலால் கட்டியிருந்தாய். உள்ளே உன் சின்ன ட்ரான்சிஸ்டர் ரேடியோ. கூடவே ஒரு துண்டுச் சீட்டு: "கடலில் விழுந்துவிட்டது. நல்ல தண்ணீரில் கழுவிவிட்டேன். இன்னும் போட்டுப் பார்க்கவில்லை." மூன்றே வரி. மேலே அப்பா என்றும் இல்லை, கீழே உன் பெயரும் இல்லை. அம்மாவின் காரியத்துக்கு வந்துபோன பிறகு இந்த இரண்டு வருஷத்தில் உன் கையெழுத்தை நான் பார்ப்பது இதுதான் முதல் தடவை. மாமா தண்ணீர் குடித்துவிட்டு, தை மாதம் உனக்குக் கல்யாணம் என்றார். "அபாங் தாவு லா, காண்?" என்றும் கேட்டார், அண்ணனுக்குத் தெரியும்தானே என்று. எனக்குத் தெரிந்திருக்கும் என்றுதான் அவர் நினைத்தார். நானும் ஆமாம், தெரியும் என்று தலையாட்டி வைத்தேன். தெரியாது, தம்பி. மாமா சொல்லித்தான் தெரியும்.

பெட்டி பாடுகிறதா இல்லையா என்பதுதான் உனக்கு முதலில் தெரிய வேண்டும். சொல்கிறேன். ஆனால் கடைசியில்தான் சொல்வேன். கடைசிப் பக்கத்தைப் புரட்டிப் பார்த்துவிட்டு மடித்து வைத்துவிடாதே. பள்ளிக்கூடப் புத்தகத்தையும் அப்படித்தான் படித்தாய் நீ. இந்தக் கடிதத்தை முதலிலிருந்து படி. ஐந்து வருஷமாகச் சொல்லியிருக்க வேண்டியது இதில் இருக்கிறது.

பெட்டியைத் திறந்ததும் நான் முதலில் என்ன செய்தேன் என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. விரலைத் தொட்டு நாக்கில் வைத்தேன். நனைந்த பெட்டியைக் கொண்டுவருகிறவர்கள் ஆயிரம் சொல்வார்கள். நாக்கு ஒன்றைத்தான் சொல்லும், உப்பா இல்லையா என்று. உன் பெட்டியில் உப்பே இல்லை. சுருள்களின் இடுக்கு, ஸ்பீக்கரின் ஓரம், மாற்றி மாற்றி மூன்று இடத்தில் தொட்டுப் பார்த்தேன். அவ்வளவு சுத்தமாகக் கழுவியிருந்தாய். கடல் தண்ணீரில் விழுந்ததை மறுபடி தண்ணீரிலேயே முக்க வேண்டும் என்றால் எத்தனை பேர் என்னைப் பைத்தியக்காரனைப் பார்ப்பதுபோலப் பார்த்திருக்கிறார்கள்! உப்போடு காய்ந்தால் செம்புக் கம்பியைத் தின்றுவிடும் என்று அவர்களுக்குப் புரிய வைப்பதற்குள் எனக்குத் தொண்டை வற்றிவிடும். நீ துறைமுகத்தில் கப்பல் ரேடியோக்களைப் பழுது பார்க்கிறவன். இதைச் சீர் செய்ய உனக்கு நான் வேண்டியதில்லை. சிங்கப்பூரில் தெருவுக்குத் தெரு ரேடியோ கடையும் இருக்கிறது. செய்ய வேண்டிய வேலையில் நீ எனக்கு மிச்சம் வைத்தது ஒன்றுதான். பிஸ்கட் தகரத்தில் பெட்டியைக் கவிழ்த்து வைத்து, பக்கத்தில் ஒரு சின்ன பல்பை எரியவிட்டு, ஏழு நாள் சும்மா இருப்பது. அதற்காகவா இவ்வளவு தூரம் கொடுத்தனுப்பினான் என்று ரொம்ப நேரம் அந்தச் சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

சும்மா இருப்பது எனக்கு இப்போது பழகிவிட்டது என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அம்மா இருந்தபோது இந்த வீட்டில் இரண்டு மொழி ஓடிக்கொண்டிருக்கும். நான் உன்னோடு தமிழில் பேசுவேன். அவள் மலாக்காச் செட்டி வீட்டில் தமிழே இல்லாமல் வளர்ந்தவள், உன்னோடு அவர்கள் பேசும் மலாயில் பேசுவாள், நடுநடுவே அவளுக்குத் தெரிந்த பத்துத் தமிழ் வார்த்தையையும் போட்டு. எனக்கும் அவளுக்கும் சண்டை வந்தால் அவரவர் மொழியில் திட்டிக்கொள்வோம், நீ நடுவில் உட்கார்ந்து சிரிப்பாய். இப்போது அந்த மலாயை இங்கே பேச ஆளில்லை. தமிழும் கடைக்கு யாராவது வந்தால்தான். சுற்றிலும் அலமாரி நிறைய ரேடியோ பேசுகிறது, அது என்னோடு பேசுவதில்லை. காலையில் ஒரு பிடி அரிசி போட்டால் ராத்திரி வரைக்கும் வருகிறது. இதையெல்லாம் நீ இரக்கப்பட வேண்டும் என்று எழுதவில்லை. கொஞ்சம் பட்டாலும் பரவாயில்லை.

என் வாயைப் பற்றி முதலில் சொல்ல வேண்டும். ஒரு தடவை செங் ஊர்ப் பக்கத்திலிருந்து ஒருவர் ஒரு பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தாரே, ஞாபகம் இருக்கிறதா? உனக்கு அப்போது பதினைந்து வயது இருக்கும். நல்ல மனுஷன், பயந்த சுபாவம். "லேசா மழைச் சாரல்தான் பட்டுச்சு அண்ணே" என்றார். நான் மூடியைக் கழற்றினேன். உள்ளே பொலபொலவென்று அரிசி கொட்டியது. கிணற்றில் விழுந்த பெட்டியை ஈரம் இழுக்கட்டும் என்று அரிசிப் பானையில் புதைத்து வைத்திருக்கிறார். நான் விட்டேனா? "ஒங்க ஊர்ல மழையோட அரிசியும் சேந்து பெய்யுதா லா? எங்களுக்கும் ரெண்டு மூட்டை அனுப்பக் கூடாதா?" என்றேன். கடையில் இருந்த நாலு பேரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். நீயும் சிரித்தாய். அவர் முகம் செத்துப்போய்விட்டது. பெட்டியை வாங்க அவர் வரவில்லை, அவர் பெண்டாட்டிதான் வந்தாள். அதை நான் வெகுநாள் ஒரு வேடிக்கையாகச் சொல்லிக்கொண்டு திரிந்தேன். என்னிடம் வருகிற எவனும் தண்ணீரில் விழுந்தது என்று ஏன் உண்மையைச் சொல்வதில்லை என்று அலுத்துக்கொள்ளவும் செய்தேன். இரண்டும் ஒரே விஷயம் என்று என் மரமண்டைக்கு ஏறவில்லை. பக்கத்தில் நின்று சிரித்தவனுக்கு அது நன்றாக ஏறியிருக்கிறது.

மெர்டேக்கா என்று சுதந்திரம் வந்து சில வாரம்தான் ஆகியிருந்தது. எந்தக் கடைக்குப் போனாலும் ரேடியோ, எல்லாரும் என் கடைக்கு ஓடி வந்த காலம். தெங்கேராவிலிருந்து அந்த மலாய் வாத்தியார், நாம் சிக்கு என்று கூப்பிடுவோமே, அவர் தன் பேட்டரி ரேடியோவைக் கொண்டுவந்து கொடுத்தார். கைப்பிடி வைத்தது, சூட்கேஸ் மாதிரி தூக்கிக்கொண்டு போகலாம். முள் நகர்த்துகிற நூல் அறுந்திருந்தது, வேறொன்றும் இல்லை. நூலை மாற்றி அலமாரியில் வைத்திருந்தேன். முஸ்லிம்களின் சஃபார் மாதத்தின் கடைசிப் புதன் வந்தது. மண்டி சஃபாருக்கு ஊரே தஞ்சோங் கிளிங் கடற்கரைக்குக் குளிக்கக் கிளம்பும், மலாய்க்காரர், சீனர், நம்மவர் என்று பார்க்காது. அலங்கரித்த மாட்டு வண்டியில் உன் அம்மாவும் அவள் ஆட்களும் நீயும் போனீர்கள். எனக்குக் கடையில் வேலை. நான் சாப்பிட உள்ளே போயிருந்தபோது சிக்குவின் பெட்டியும் உங்களோடு வண்டி ஏறியிருக்கிறது. சாயங்காலம் திரும்பி வந்தபோது அது அலமாரியில் அதே இடத்தில் இருந்தது, பளபளவென்று துடைத்து. மறுநாள் போட்டுப் பார்த்தேன், பாடியது. சிக்கு வந்து எடுத்துக்கொண்டு போனார்.

இரண்டு வாரத்தில் செத்துப்போய்த் திரும்பி வந்தது. திறந்தேன். சுருளெல்லாம் பச்சை பூத்திருந்தது. விரலைத் தொட்டு நாக்கில் வைத்தேன், சுருக்கென்று உப்பு. "கடலுக்கு எடுத்துட்டுப் போனீங்களா சிக்கு?" என்று மலாயில் கேட்டேன். "தாக் பெர்னா" என்றார், ஒரு நாளும் இல்லை என்று. பொய் சொல்லத் தெரியாத மனுஷன். நான் உன்னைத் திரும்பிப் பார்த்தேன். நீ பல்பு டப்பாக்களை அடுக்கிக்கொண்டிருந்தாய். அடுக்கியதையே மறுபடி அடுக்கினாய். எனக்கு அந்த நிமிஷம் புரிந்துவிட்டது. அப்போது நான் ஒரே ஒரு கேள்வி கேட்டிருந்தால் போதும். கேட்கவில்லை. கடையின் பெயர் கெட்டுவிடுமே என்று வாய்க்கு வந்ததைச் சொன்னேன். "ஒங்க வீடு கடலோரம், சிக்கு. ஜன்னல் பக்கம் வைக்கிறீங்கல்ல, உப்புக் காத்து உள்ள பூந்துருக்கு. ஜன்னலச் சாத்திட்டு உள் ரூம்ல வைங்க" என்றேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு நன்றி சொன்னார். சுருள்களை மாற்றிக் கொடுத்து அனுப்பினேன்.

அதற்குப் பிறகு நான் உனக்குச் செய்தது உனக்கே தெரியும், காரணம் மட்டும்தான் தெரியாது. மறுநாளிலிருந்து உன் முக்காலியை என் மேசையிலிருந்து எடுத்து வாசல் பக்கம் போட்டேன். பேட்டரியும் பல்பும் விற்கச் சொன்னேன். திறந்த பெட்டி எதையும் தொட விடவில்லை. ஏன் என்று நீ கேட்கவில்லை. நீ கேட்காததையே குற்றத்தை ஒப்புக்கொண்டதாக நான் எழுதிவைத்துக்கொண்டேன். அம்மா என்னிடம் எத்தனையோ தடவை "தானியா சாமா டியா லா" என்றாள், அவனையே கேளுங்களேன் என்று. எதைப் பற்றி என்று சொல்ல மாட்டாள். நானா கேட்பேன்? அவன் வாயால் வரட்டும் என்று ஒரு வருஷம் முறுக்கிக்கொண்டு இருந்தேன். அதற்குள் நீ சிங்கப்பூருக்குப் போய்விட்டாய். பஸ் நிலையத்தில் குடை எடுத்துக்கொண்டாயா என்று கேட்டேன். நீ எடுத்துக்கொண்டேன் என்றாய். ஒரு தகப்பனும் மகனும் பேசிக்கொள்ள அன்றைக்கு அவ்வளவுதான் இருந்தது.

இனிச் சொல்வதுதான் எனக்குக் கஷ்டம். அம்மா ஆஸ்பத்திரியில் கிடந்த கடைசி வாரத்தில், நீ வந்து சேர்வதற்கு இரண்டு நாள் முன்னால், என்னைக் கிட்டே கூப்பிட்டுச் சொன்னாள். பெட்டியை வண்டியில் ஏற்றியது அவள்தான். தன் ஆட்கள் முன்னால் கொஞ்சம் பெருமைக்காக. கடலில் இடுப்பளவு நின்றுகொண்டு, பாட்டுக் கேட்கவில்லை, பக்கத்தில் கொண்டுவா என்று உன்னைக் கூப்பிட்டதும் அவள்தான். அலை வந்தபோது உன் கை நழுவி, பெட்டியின் ஒரு பக்கம் உப்புத் தண்ணீரில் நனைந்துவிட்டது. அழுது தீர்த்தாளாம். அப்பா வாயில் அம்மா விழக் கூடாது என்று நீதான் யாருக்கும் சொல்ல வேண்டாம் என்றாயாம். அவள் சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்த்தாள். திட்டுவேன் என்று பயந்தாள், தம்பி. சாகக் கிடக்கிறவள் என் வாய்க்குப் பயந்தாள். நான் அவள் காலைப் பிடித்துவிட்டேன்.

ஆக, எனக்கு இரண்டு வருஷமாகத் தெரியும். காரியத்துக்கு வந்த உன்னிடம் சொல்லியிருக்கலாம். மூன்று நாள் ஒரே கூரையின் கீழ் இருந்தோம். பிறகு உனக்கு மூன்று கடிதம் எழுதினேன். ஒன்று கூரை ஒழுகுவதைப் பற்றி, ஒன்று புக்கிட் காதிலில் வீடுகள் கட்டுவதைப் பற்றி, ஒன்று பல்வலியைப் பற்றி. நீ பதில் போடாததில் ஆச்சரியம் இல்லை. அந்தக் கடிதங்களுக்கு நானே பதில் போட்டிருக்க மாட்டேன்.

இப்போது உன் பெட்டிக்கு வருகிறேன். முதல் நாள் சரியாக இருந்தேன். இரண்டாம் நாளும். மூன்றாம் நாள் தகரத்தைத் திறந்து பார்த்துவிட்டு மூடினேன். நான்காம் நாள் ஞாயிற்றுக்கிழமை, கடை கிடையாது. மத்தியானம் நல்ல மழை. வெள்ளிக்கிழமைக்குப் பிறகு அன்றுவரை நான் யாரோடும் நாலு வார்த்தை பேசியிருக்கவில்லை. தகரத்தைத் திறந்தேன். பார்வைக்கு நன்றாகக் காய்ந்துதான் இருந்தது. முள் எங்கேயோ ஓர் இடத்தில் நின்றிருந்தது, நீ கடைசியாகக் கேட்ட இடத்தில். நான் அதை நகர்த்தவில்லை. அங்கே என்ன பாடும், என் மகன் சாயங்காலம் உட்கார்ந்து எதைக் கேட்பான் என்று தெரிந்துகொள்ள ஆசை வந்துவிட்டது. வேறு பெட்டியில் அதே இடத்தைத் திருப்பிக் கேட்டிருக்கலாம். அது அப்போது எனக்குத் தோன்றவே இல்லை. கை பரபரத்தது. பேட்டரியைப் போட்டுக் குமிழைத் திருகிவிட்டேன். கரகரவென்றது. ஒரு பெண் குரல், தமிழில், ஒரு வார்த்தையின் பாதி வந்தது. அப்புறம் ஒரு கருகல் வாடை. அவ்வளவுதான். சத்தத்தைப் பெருக்குகிற இரண்டு ட்ரான்சிஸ்டரும் போய்விட்டன. அவற்றின் அடியில் ஒரு சொட்டு ஈரம் ஒளிந்திருந்தது.

முப்பது வருஷமாக ஊருக்கெல்லாம் தொண்டை கிழியச் சொல்லும் ஒரே விஷயம், காயாமல் போடாதே என்பது. நீ போடவில்லை. நான் போட்டேன். பெட்டியைக் கெடுத்தது கடல் இல்லை தம்பி, உன் அப்பா.

அப்போது எனக்கு முதலில் என்ன தோன்றியது தெரியுமா? "கடல் தண்ணி ஆச்சே, என்னதான் கழுவினாலும் காப்பாத்த முடியலை" என்று உனக்கு எழுதிவிடலாம் என்றுதான். நீயும் நம்பியிருப்பாய். வாக்கியம்கூட மனசில் தயாராகிவிட்டது. அது எங்கிருந்து அவ்வளவு சுலபமாக வந்தது என்று யோசித்தபோதுதான் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. சிக்குவிடம் காற்றின்மேல் போட்ட பழியை இப்போது தண்ணீரின்மேல் போடப் போகிறேன். மழை விட்டதும் சைக்கிளை எடுத்தேன்.

தெங்கேராவில் சிக்கு வீட்டு வாசலிலேயே உட்கார்ந்திருந்தார். வேலையிலிருந்து ஓய்வு பெற்றுவிட்டார், தாடி வெளுத்துவிட்டது. உள்ளே உட்கார வைத்தார். கடல் பக்கத்து ஜன்னல் சாத்தியிருந்தது, கொக்கி துருப்பிடித்திருந்தது. உள் அறையில் மூலையில் அந்த ரேடியோ, மேலே துணி போட்டு மூடி. மழை விட்ட பிறகும் அறையில் அவ்வளவு புழுக்கம். அவர் முதுகுச் சட்டை நனைந்திருந்தது. நான் எல்லாவற்றையும் சொன்னேன். அலமாரியிலிருந்து எடுத்தது எங்கள் வீட்டு ஆட்கள், உப்பு எங்கள் வீட்டு உப்பு, காற்று என்று சொன்னது நான் என்று. அம்மாவின் பெயரையோ உன் பெயரையோ எடுக்கவில்லை. அவர் கோபப்படுவார் என்று காத்திருந்தேன். நரைத்த புருவத்தைத் தூக்கிக்கொண்டு அந்தச் சாத்திய ஜன்னலைப் பார்த்தார். "ஜாடி, திங்காப் இத்து போலே புக்கா லா?" என்றார். அப்படியென்றால் அந்த ஜன்னலைத் திறக்கலாமா என்று. ஐந்து வருஷமாக அந்த மனுஷன் என் பொய்யை நம்பி, கடலோரத்தில் வீடு வைத்துக்கொண்டு, காற்றில்லாமல் உட்கார்ந்து பாட்டுக் கேட்டிருக்கிறார். கொக்கி வரவில்லை. இரண்டு பேரும் சேர்ந்து இழுத்துத்தான் திறந்தோம். காற்று வந்ததும் அவர் சிரித்தார். நான் சிரிக்கவில்லை, எனக்கு அழுகைதான் வந்தது.

இவ்வளவுதான் நான் சொல்ல வேண்டியது. கல்யாணம் ஆகப்போகிறவனுக்கு அப்பன் புத்தி சொல்ல வேண்டும் என்பார்கள். என்னிடம் இருக்கிறது இவ்வளவு. நாளை உன் பெண்டாட்டியோ உன் பிள்ளையோ நனைந்த ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு வந்து நின்றால், எங்கே விழுந்தது, எப்போது விழுந்தது என்று மட்டும் கேள். வேடிக்கையாக ஒன்று நாக்கு நுனிக்கு வரும். என் பிள்ளை நீ, கட்டாயம் வரும். அதை விழுங்கிவிடு. அவர்கள் வந்து நிற்கவில்லை என்றால் நீயே போய்க் கேள். என்னைப்போல முறுக்கிக்கொண்டு இருக்காதே.

அந்த ட்ரான்சிஸ்டர் மலாக்காவில் கிடைக்காது. சிங்கப்பூரில் உனக்குச் சுலபமாகக் கிடைக்கும். இரண்டு வாங்கி வை. நான் பெட்டியையும் என் வேலைச் சாமான்களையும் எடுத்துக்கொண்டு பஸ் ஏறி வருகிறேன். யார் பற்றவைப்பது என்று அங்கே வந்து பார்த்துக்கொள்ளலாம். முக்காலியை எங்கே போட வேண்டும் என்று நீ சொல். தை மாதத்துக்கு முன்னால் வரட்டுமா, தை மாதத்தில் வரட்டுமா என்பதும் நீ சொல்ல வேண்டியது. கல்யாணத்தில் நிற்க எனக்கு ஆசை இருக்கிறது. அதை மாமாவிடம் சொல்லி அனுப்பாமல் உன்னிடமே கேட்கிறேன். என்னைக் கூப்பிடு, தம்பி.

மூன்று வரிகூட வேண்டாம், ஒரு வரி போதும். பெட்டியை மறுபடி தகரத்தில் வைத்து மூடிவிட்டேன், பேட்டரியை எடுத்து அலமாரிமேல் போட்டுவிட்டேன். உன் பதில் வருகிறவரை அதைத் தொட மாட்டேன். ஏழு நாள் ஆனாலும் சரி, எழுபது நாள் ஆனாலும் சரி, இந்தத் தடவை காத்திருப்பேன்.

அப்பா